கூட யார் வந்திருக்கிறார்கள்? புற்றுநோய் சிகிச்சையில் பால்புதுமை (எல்.ஜி.பி.டி.க்யூ.) இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "கூட யாரு வந்திருக்கா? என்ன உறவு?" வீட்டை விட்டு வந்து நாலு வருஷமான இருபத்து மூன்று வயதுத் திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர்) இதற்கு என்ன சொல்வார்? பக்கத்தில் நிற்கும் துணையைக் காட்டி "ஃபிரண்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் பார்த்தவரை முதல் தவறு இதுதான். பிற்பாடு ஐ.சி.யு. வாசலில் அந்த ஃபிரண்டுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொந்த ஊருக்குத்தான் போன் போகிறது.

அதனால் முதல் நாளே மருத்துவரிடம் பேசி, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதைப் பெயர், போன் நம்பரோடு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பதினெட்டு வயது தாண்டி, நினைவோடு இருப்பவரின் சிகிச்சைக்கு அவர் சம்மதம்தான் வேண்டும். மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. மீளவே முடியாத கட்டத்தில் பேச முடியாமல் போனால்? அதற்கு லிவிங் வில் இருக்கிறது, அப்போது எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம். 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. உங்கள் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் அதில் எழுதலாம். இருபத்து மூன்று வயதில் இதை யோசிக்கவே கசக்கும், தெரியும்.

அடுத்தது, அடையாள அட்டையைப் பார்த்துப் பரிசோதனையை முடிவு செய்வது. அட்டையில் ஆண் என்று இருக்கலாம். உடலில் கருப்பைவாய் இருந்தால் அதற்கான பரிசோதனையும் வேண்டும். பெண்கள் வரிசையில் தாடியோடு உட்கார யாருக்கு மனசு வரும்? அதனாலேயே பலர் போவதில்லை. போனாலும் இன்னொரு சிக்கல்: டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அந்த இடத்துத் திசு மெலிந்துவிடும், பாப் ஸ்மியரில் (கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) போதுமான செல்கள் கிடைக்காமல் போகலாம். 'மாதிரி போதவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் 'நார்மல்' என்று அர்த்தமில்லை. திரும்ப எடுக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸுக்கான பரிசோதனை மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் கொஞ்சம் மார்புத் திசு மிச்சம் இருக்கும், கட்டி தட்டுப்பட்டால் காட்டிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) எடுக்கும் திருநங்கைகளுக்கும் இதே பேச்சுதான்.

"ஆண்களோடு உறவே கிடையாது, எனக்கு எச்.பி.வி. எப்படி வரும்?" என்று தன்பால் ஈர்ப்புள்ள பெண்கள் கேட்பதுண்டு. வரும். தோலோடு தோல் படுவதே போதும்.

ஹார்மோன் விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது. திட்டு விழும் என்று பயந்து, ஈஸ்ட்ரோஜனுக்காக மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்ட கருத்தடை மாத்திரையைச் சொல்லாமல் விடுகிறார்கள். புற்றுநோயே ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், ஈஸ்ட்ரோஜனும் கூட்டும். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதற்காக நோயாளி சொன்னதும் மருத்துவர் "எல்லாம் அந்த ஹார்மோன் ஊசியாலதான்" என்று கட்டியையும் சோர்வையும் ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. முடித்தால், ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேளுங்கள்.

கீமோ தொடங்கும் முன் குழந்தை பற்றிய பேச்சு வராமலே போகும். 'இவங்களுக்கு எதுக்கு' என்ற நினைப்புதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விந்தணு சேமிக்க ஓரிரு நாள், கருமுட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். கீமோ ஏறிய பிறகு கேட்டுப் பெரிதாகப் பயனில்லை.

அப்புறம் பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரப் பொதுவாக ரேஷன் கார்டு கேட்பார்கள். உங்கள் பெயரோ இன்னும் அப்பா வீட்டுக் கார்டில் இருக்கும். பயாப்சி ரிப்போர்ட் ஒரு பெயரில், ஆதார் இன்னொரு பெயரில் என்றால் கிளெய்மும் சிக்கும். பெயர் மாற்றம் முடியும்வரை பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். வார்டில் எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பதை நர்ஸிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.