ஒரே பேரில் ஆட்களும் ஊர்களும்: சேலத்துப் பக்கம் குடும்பப் பெயரைத் தேடித் தொகுப்பது எப்படி

ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருள்ள ஆட்கள், ஊர்கள், தெருக்கள், கட்டடங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுக்கும் பழக்கம் வெளிநாட்டில் ரொம்ப நாளாக இருக்கிறது. இங்கிலாந்தில் இதற்கென்றே 1979-ல் ஒரு சங்கம் ஆரம்பித்து இன்றைக்கும் நடத்துகிறார்கள். அவர்களுக்கு வேலை சுலபம், பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்தால் குடும்பம் வந்துவிடும். நம் ஊரில் கடைசிச் சொல்லைப் பிடித்தால் அந்த ஆளின் சொந்தப் பெயர்தான் வரும், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 'சர்நேம்' கட்டத்துக்கு எதிரே எல்லோரும் முழிப்பது இதனால்தான். குடும்பப் பெயர் நமக்கு இல்லாமல் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. சேலத்தையும் ஏற்காட்டையும் வைத்து அதை எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.

முதலில் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பழனிசாமி, முருகன் மாதிரிப் பெயரில் கையை வைத்தால் ஆயுசுக்கும் முடியாது. ஓர் ஊரின் பெயரோ வீட்டுப் பெயரோ ஒரு குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் நல்லது. பழகிப் பார்க்க என்னைக் கேட்டால் குமாரமங்கலத்தைச் சொல்வேன். எல்லாம் பொதுப் பதிவில் இருக்கிற விஷயம், யாரையும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, தவிர இதில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் இந்த ஒரே பெயரில் இருக்கிறது.

எடுத்ததும் ஆளைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள். குமாரமங்கலம் திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிறது. அந்த ஜமீன்தார்தான் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி. சுப்பராயன். கவனியுங்கள், அவர் பெயரில் குமாரமங்கலம் கிடையாது. 1930-களில் மாநிலங்கள் அவைக்குத் தேர்வான முதல் பெண் என்ற பெருமையுள்ள அவர் மனைவி ராதாபாய்க்கும் கிடையாது, அவர் ராதாபாய் சுப்பராயன். பிள்ளைகள் காலத்தில்தான் ஊர்ப் பெயர் குடும்பப் பெயராக ஆகிறது. 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் ஒரு மகன். இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறையைப் பார்த்து, 1973-ல் டெல்லி அருகே விமான விபத்தில் இறந்த மோகன் குமாரமங்கலம் இன்னொரு மகன். ஆனால் மகள்? கோயம்புத்தூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன கம்யூனிஸ்ட் தலைவர் பார்வதி கிருஷ்ணன். கல்யாணத்தோடு பெயர் மாறிவிட்டது. அப்படியானால் 'குமாரமங்கலம்' என்று மட்டும் தேடுகிறவருக்கு இந்தக் குடும்பத்தின் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் கையில் சிக்கமாட்டார்கள், ஒரே வீட்டில் பாதிப்பேர் விட்டுப்போவார்கள். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் சிக்குவார். மோகனின் மகனான அவர் 1984-லிருந்து சேலம் எம்.பி.யாக இருந்தவர், பிறகு திருச்சியில் ஜெயித்து மத்திய மின்துறை அமைச்சராக இருக்கும்போது 2000-ல் காலமானார்.

அப்புறம் பெயர் திரும்பவும் இடத்துக்கே போகிறது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரியின் முழுப்பெயர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. பஸ்ஸில் யாரும் அப்படிச் சொல்லி டிக்கெட் வாங்குவதில்லை, ஜி.ஹெச். என்றால் முடிந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டிலும் அரசாணையிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். ஊர் ஒரு குடும்பத்துக்குப் பெயர் கொடுத்து, குடும்பம் அதை இன்னோர் ஊரின் கட்டடத்துக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் பட்டியலில் இந்தப் போக்குவரத்து தெரிய வேண்டும். அதனால் ஆள், இடம் என்று இரண்டு பத்தி மட்டும் போடாமல் மூன்றாவதாக ஒன்று போடுங்கள்: இந்தப் பெயர் இங்கே எதிலிருந்து வந்தது? ஊரிலிருந்து ஆளுக்கா, ஆளிலிருந்து ஊருக்கா, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? குமாரமங்கலம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு, எல்லாமே இந்த ஜமீன் ஊராகிவிடாது. அந்த மூன்றாவது பத்தி இல்லாத தொகுப்பு வெறும் டெலிபோன் டைரக்டரி.

இன்னொன்று, மாவட்ட எல்லை. இன்றைக்கு குமாரமங்கலம் நாமக்கல் மாவட்டம். சுப்பராயன் காலத்தில் அது சேலம் ஜில்லா. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல் பிரிந்தது, தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. எனவே 1950-ல் எழுதின ஒரு பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் அது ஓசூர்ப் பக்கமாகக்கூட இருக்கலாம். தாலுகா பெயரைப் பார்க்காமல் ஜில்லாவை மட்டும் பார்த்து ஊரை முடிவு கட்டாதீர்கள்.

சரி, இனிஷியலுக்கு வருவோம். தமிழ்ப் பெயரில் குடும்பம் ஒளிந்திருக்கும் முதல் இடம் இதுதான், பலர் கவனிக்காமல் தாண்டிப் போவதும் இதைத்தான். இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம், எப்போதும் அப்படி இல்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவை நடத்திய டி.ஆர். சுந்தரத்தின் 'டி' திருச்செங்கோடு, 'ஆர்' ராமலிங்கம், அதாவது ஒன்று ஊர், ஒன்று அப்பா. அதே 'டி' டி.எம். சௌந்தரராஜனுக்கு தொகுளுவா, அது சௌராஷ்டிர வீட்டுப் பெயர். எழுத்து ஒன்றுதான், இங்கே ஊர், அங்கே குடும்பம். சேலத்திலேயே இன்னும் சுவையான ஜோடி இருக்கிறது. 1920-ல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய சேலம் சி. விஜயராகவாச்சாரியாரும், 1917-லிருந்து சேலம் நகராட்சித் தலைவராக இருந்த சி. ராஜகோபாலாச்சாரியும், இரண்டு பேருமே சேலத்து வக்கீல்கள், இரண்டு பேருக்கும் 'சி' என்பது சக்கரவர்த்தி. பார்த்தவுடன் அண்ணன் தம்பி முறை என்று கோடு போடத் தோன்றும். போடாதீர்கள். ஒருவர் செங்கல்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர், மற்றவர் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சக்கரவர்த்தி ஐயங்கார் குடும்பங்களில் பரவலாக இருக்கிற பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு என்று ஆகாது, எழுத்தில் ஆதாரம் கிடைக்கும்வரை பட்டியலில் இரண்டு தனி வரி.

இரண்டாவது இடம் கூட்டமும் வங்குசமும், அதாவது சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவின் பெயர். கொங்கு வேளாளர்களைக் கேட்டால் கண்ணன் கூட்டம், செம்பன் கூட்டம், பொருளந்தை கூட்டம் என்று சொல்வார்கள். தேவாங்கர்களுக்கு வங்குசம், சௌராஷ்டிரர்களுக்கு மேலே சொன்ன வீட்டுப் பெயர். சேலத்தில் இந்த மூன்று வகையும் ஒரே பஜாரில் நடமாடும். இவை ஆதார் அட்டையில் இருக்காது, ஆனால் கல்யாணப் பேச்சு எடுத்த முதல் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும், ஏனென்றால் ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. அதனால் இதற்கு ஆபீஸ் பதிவேட்டைவிட வயதான கல்யாணத் தரகர் மேல். "பெரியவரே, நம்ம கூட்டத்துக்கு எந்த ஊர்லல்லாம் ஆளுங்க இருக்காங்க? எந்தக் கோயிலுக்குப் போறாங்க?" என்று இரண்டு கேள்வி போதும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆட்கள் பிழைப்புக்காக எங்கே போயிருந்தாலும் குலதெய்வக் கோயில் பெரும்பாலும் ஒரே ஊரில்தான் இருக்கும், அந்த ஊர்தான் உங்கள் வரைபடத்தில் நடுப்புள்ளி.

கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிட்டுவிட்டு மேலே பாருங்கள். டியூப்லைட், மின்விசிறி, மணி, பித்தளை அண்டா, எதிலும் 'உபயம்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதில் இனிஷியல், பெயர், ஊர், சில சமயம் கடைப் பெயர், சில சமயம் 'மகன்கள்' என்று அடுத்த தலைமுறையும் சேர்ந்தே இருக்கும். டியூப்லைட்டின் பட்டியில் இடம் போதாமல் ஊர்ப் பெயரைச் சுருக்கி எழுதியிருப்பார்கள், பூசாரியிடம் கேட்டால் விரித்துச் சொல்வார். கும்பாபிஷேகக் கல்வெட்டில் இன்னும் நிறையக் கிடைக்கும், அதில் வருஷமும் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

இதைவிடவும் வளமானது கல்யாணப் பத்திரிகை. மேலே '... துணை' என்று போட்டிருக்கும் சாமி பெரும்பாலும் குலதெய்வம். உள்ளே இன்னாரின் பேரன், இன்னாரின் மகன் என்று மூன்று தலைமுறை, ஒவ்வொன்றுக்கும் ஊர். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் எல்லோரும் ஊரோடு வரிசையாக நிற்பார்கள். பெயர் மாறிப்போன மகள்களும் இங்கேதான் கிடைப்பார்கள், மருமகன் பெயருக்குப் பக்கத்தில். பரணில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை எடைக்குப் போடுவதற்குள் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் சம்பந்தமாக என்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், சர்வே எண் வாரியாக யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார் என்று வரும். பெயரோடு தகப்பனார் பெயரும் இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய காலத்துக்கு லெ ஃபானு 1883-ல் வெளியிட்ட சேலம் ஜில்லா மேனுவலும் 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரும் இருக்கின்றன, இணையத்தில் தேடினால் கிடைக்கும். அதில் நம் ஊர்ப் பெயர்கள் துரைமார் காதில் விழுந்தபடி இருக்கும், திருச்செங்கோடு 'டிரிச்சென்கோடு' என்று வரும். நீங்கள் தேடும் பெயரை அவர்கள் எப்படியெல்லாம் எழுதியிருக்க முடியும் என்று ஐந்தாறு வகை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இணையத்தில் 'சேலம்' என்று ஆங்கிலத்தில் தேடினால் இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு சேலம், 1692-ல் சூனியக்காரிகள் என்று வழக்குப் போட்ட ஊர். ஓரிகான் மாநிலத்தின் தலைநகரமும் சேலம். குடும்பப் பெயரோடு சேலத்தைச் சேர்த்தால் அந்த ஊர்க் கதையெல்லாம் வரிசையில் முன்னால் வந்து நிற்கும். தாலுகா பெயரையோ ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் மாதிரிப் பக்கத்து ஊரையோ சேர்த்துப் போட்டால் அந்தக் கூட்டம் கலைந்துவிடும்.

ஏற்காட்டு மலையில் வேலை வேறு மாதிரி, அங்கே நிஜமான சர்நேம்கள் இருக்கின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த காக்பர்னை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை அவர்கள் நாட்டில் 'கோபர்ன்' என்றுதான் உச்சரிப்பார்கள், ஆகவே தமிழில் இரண்டு வகையிலும் தேட வேண்டும். சேலத்தில் 1829-ல் பிறந்த அவர் மகள் மார்கரெட் கோத்தகிரியில் இருந்துகொண்டு நீலகிரிப் பறவைகளை வரைந்தவர். இந்த இருவரையும் ஒரே வரியில் சேர்க்கலாம், அப்பாவும் மகளும் என்று தெரியும். ஆனால் அதே பெயரில் எடின்பரோவில் ஒரு தெரு, மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் தெற்கே ஒரு கடல் ஒதுக்கு, டர்க்ஸ் கைகோஸ் தீவுகளுக்குத் தலைநகரம் எல்லாம் வரும். எடின்பரோ தெரு ஒரு நீதிபதியின் பெயர், ஆஸ்திரேலியாவில் இருப்பது ஓர் அட்மிரலின் பெயர். நம் கலெக்டரின் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள், 'பெயர் மட்டும் ஒன்று' என்று தனியாக வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே மலையில் இருக்கிறது. ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச்சின்னம் உண்டு, 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஆள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவலும் 1882-ல் ஏற்காட்டில்தான் இறந்தார். இரண்டு பேருக்கும் பெயரில் ஓர் எழுத்துகூடப் பொருத்தமில்லை, ஆனால் ஃபூட் கட்டியது பெர்சிவலின் மகளை, மாமனாரும் மருமகனும். சர்நேமை மட்டும் நம்பித் தேடினால் இந்த வீடும் இரண்டாக உடைந்துவிடும். அதனால் கல்லறைக்குப் போனால் பெயரோடு நிறுத்தாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று கீழே சின்ன எழுத்தில் இருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாசி பிடித்திருந்தால் சுரண்டக் கூடாது, காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து தெரியும்.

பட்டியல் வளர்ந்ததும் அப்படியே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, கதவிலக்கம், போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இறந்தவர்களையும் பொதுவாழ்வில் இருப்பவர்களையும் மட்டும் வெளியிடுங்கள். சாதி விஷயத்தில் இன்னும் கவனம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு எத்தனையோ பேர் விரும்பித்தான் பெயரிலிருந்து சாதிப் பட்டத்தை வெட்டினார்கள், தாத்தாவே எடுத்துப்போட்டதைப் பேரன் பெயரில் ஒட்டவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பத்திரத்தில் பட்டத்தோடு இருந்தால் பத்திரத்தின் படத்தில் இருக்கட்டும், உங்கள் வரியில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டாரோ அப்படியே எழுதுங்கள். முடிந்ததும் ஒரு பிரிண்ட் எடுத்துக் கோயில் தர்மகர்த்தாவிடமோ குடும்பத்து மூத்தவரிடமோ கொடுத்து, ஒரு சிவப்புப் பேனாவையும் கூடவே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கோயில் நோம்பிக்குள் பாதி வரிகளில் திருத்தமும், நீங்கள் கேள்விப்படாத நாலு ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும்.