மூன்றாம் வகுப்போடு குளக்கரைக்கு: முதல் களப்பயணத்துக்கு ஒரு செய்முறை

முதன்முறையாக ஒரு வகுப்பையே வெளியே கூட்டிப் போகிற ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் குளக்கரையை வைத்துக்கொள்வோம். பூங்காவோ அருங்காட்சியகமோ என்றாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

முதல் படி: ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். "குளத்தைப் பற்றி அறிதல்" என்று எழுதி வைத்தால் பிள்ளைகள் எதையும் பார்க்க மாட்டார்கள். "இந்தத் தண்ணீரில் யார் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். எட்டு வயதுக்கு அது போதும். பயணத்துக்கு முந்தின நாள் வகுப்பிலேயே அவரவர் ஊகத்தை வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் மீன் வரைவார்கள், யாராவது ஒருவர் முதலை வரைவார். அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, கரை எங்கே வழுக்குகிறது, எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று பாருங்கள். இதை விட்டுவிட்டு வேறு எதைத் திட்டமிட்டும் பயனில்லை.

மூன்றாம் படி, காகித வேலை. பெற்றோரின் ஒப்புதல் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, பேருந்தில் வாந்தி வருமா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாக "உடல்நலக் குறை உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். இன்ஹேலர் தேவைப்படும் பிள்ளையின் இன்ஹேலர் உடன் வரும் பெரியவர் கையில் இருக்க வேண்டும், பேருந்தில் விட்டுவந்த பையில் அல்ல. வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வைத்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எண்ணுவது. ஏறும்போது, இறங்கும்போது, இடம் மாறும்போது எல்லாம் எண்ணுங்கள். ஒருமுறை 32 பேரில் எனக்கு 31தான் வந்தது. மூன்று தடவை எண்ணினேன், நெஞ்சு படபடத்துப் போனது. கடைசியில் பார்த்தால் ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஜோடி சேர்த்துத்தான் விடுகிறேன். "உன் ஜோடி எங்கே?" என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இனி குளக்கரை. தட்டையான வெள்ளைத் தட்டு ஒன்று வேண்டும், வெள்ளையாக இருந்தால்தான் பூச்சி தெரியும். குழுவுக்கு ஒரு பெரியவர். தண்ணீர் விளிம்பில் நின்று வலையால் அள்ளுவது அவர்தான். அள்ளியதைத் தட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் சேறுதான் தெரியும். "ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்பார்கள். பொறுங்கள். சேறு அடங்கியதும் ஒரு குச்சி நகரும். அது தட்டானின் இளம்பூச்சியாக இருக்கலாம். பின்புறம் தண்ணீரைப் பீய்ச்சி அது முன்னால் பாய்வதைப் பார்த்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்த மாதிரிதான். தலைப்பிரட்டை கிடைத்தால் எந்தக் கால் முதலில் முளைத்திருக்கிறது என்று கேளுங்கள்: பின்கால்தான். பார்த்து முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கை கழுவியபின் சாப்பாடு.

மறுநாளை வீணாக்காதீர்கள். பழைய ஊகப் படங்களைத் திருப்பிக் கொடுத்து, கண்டதைப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். தண்ணீர்மேல் நடந்த பூச்சியைப் பார்த்திருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊசியைப் படுக்கவைத்து மெதுவாக மிதக்க விடுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல அதைத் தாங்கும். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் ஊசி மூழ்கிவிடும். "அப்போ குளத்துல சோப்பு கலந்தா அந்தப் பூச்சி?" என்று ஒரு குரல் வரும். பதிலை அவர்களே தேடட்டும்.