குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையா? ஒரு மணி நேரம் முன்பே கிரீம் தடவுங்கள்

ஊசி குத்தும் இடத்தில், சுமார் ஒரு மணி நேரம் முன்பே, தோலை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன்-பிரைலோகெய்ன் கிரீமைத் தடவி, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம் போட்டு மூடிவிடுங்கள். கிரீமையும் அளவையும் குழந்தை மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கை, எந்த இடம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்பலாம். மின்சார ரயிலில் போகும் நேரமும் டோக்கன் போட்டுக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து சரியாக இருக்கும்.

தோலுக்குள் இருக்கும் நரம்பு நுனிகள் மரத்துப்போக அவ்வளவு நேரம் பிடிக்கும். லேபில் போய்த் தடவினால் பலன் குறைவு. முந்தைய இரவு நம்மைத் தூங்கவிடாமல் செய்வதில் பாதி, குழந்தை வீறிட்டு அழுமே என்ற பயம்தான். அந்தப் பாதி குறைந்தாலே மடியில் பதறாமல் பிடித்துக்கொள்ள முடியும். பிள்ளைகள் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தடவிய இடம் வெளுத்துப்போனால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். ஆனால் புண், கரப்பான் உள்ள தோலில் தடவக் கூடாது. கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். மரப்பு மருந்து ஒவ்வாத குழந்தைக்கும், காத்திருக்க முடியாத அவசரப் பரிசோதனைக்கும் இது பொருந்தாது.