துகளுக்குள் தங்க மறுத்த சாயம்

எண்ணெயில் கரையும் நீலச் சாயத்தை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மூலத் திரவமான ஸ்டைரீனில் கரைத்து, நீர்சார்ந்த மைக்கான துகள்களை வழக்கமான பால்மப் பலபடியாக்கல் முறையில் (சோப்பு நீரில் ஸ்டைரீனைத் துளிகளாகச் சிதறவிட்டு, அதன் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாக இணைக்கும் முறை) உருவாக்க முயன்றபோதெல்லாம், சாயம் படிகங்களாகப் பிரிந்து குடுவையின் சுவரில் ஒட்டிக்கொண்டது. சோப்பின் அளவைக் கூட்டியது வீண்வேலை. ஸ்டைரீன் நீரின் வழியே பரவி வளரும் துகள்களை அடைந்துவிடுகிறது. நீரில் கரையாத சாயமோ அவ்வாறு பயணிக்க இயலாமல், சுருங்கும் துளிகளிலேயே தேங்கிவிடுகிறது. ஆகவே, துளிகளையே துகள்களாக்கும் நுண்பால்ம முறைக்கு மாறினேன். துளிகளிலிருந்து ஸ்டைரீன் வெளியேறுவதைத் தடுக்க, நீரில் கரையாத எண்ணெயான ஹெக்சாடெக்கேனை ஸ்டைரீனின் எடையில் 4 சதவீதமும், வினையைத் தொடங்கிவைக்க, நீரில் கரையும் பெர்சல்பேட்டுக்குப் பதிலாக எண்ணெயில் கரையும் ஏஐபிஎன் (AIBN) தொடக்கியையும் முன்கூட்டியே கலந்து, பனிநீர்த் தொட்டியில் வைத்து மீயொலியால் துளிகளை நுணுக்கியபின், நைட்ரஜன் சூழலில் 70 டிகிரி செல்சியஸில் வினைப்படுத்தினேன். சங்கிலிகளை வளர்க்கும் தனி உறுப்புகளை (free radicals) சாயம் பிடித்து வினையை மந்தமாக்கியதால், இரவு முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. மறுநாள் வடிகட்டியில் படிகம் ஏதுமில்லை. மையவிலக்கிய பின் மேலே நின்ற நீரும் நிறமற்றிருந்தது.