வீட்டில் தையல் தொடங்குகிறீர்களா? முதல் சில மாதங்களில் செய்யக்கூடாத தவறுகள்

நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண்களே நாலைந்து மாதத்தில் மெஷினை மூடி வைத்துவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. "ஆளே வரவில்லை, நமக்கு இது சரிப்படாது" என்று சீக்கிரமே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜாக்கெட் தையலில் ஆரம்பம் மந்தமாக இருக்கக் காரணங்கள் உண்டு. அவை தெரிந்தால் பாதி சோர்வு வராது.

புது டெய்லரிடம் யாரும் எடுத்த எடுப்பில் பட்டு ஜாக்கெட் கொடுக்கமாட்டார்கள். புடவையோடு வரும் அந்தத் துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் வேறு எங்கே போய் வாங்குவது? அதனால் முதலில் ஒரு காட்டன் பிட்டும் அளவு ஜாக்கெட்டும் கொண்டுவருவார்கள். தைத்து வாங்கிப் போய், கையைத் தூக்கினால் மேலே ஏறுகிறதா, கழுத்து தோளிலிருந்து நழுவுகிறதா, துவைத்ததும் லைனிங் சுருங்கி இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அடுத்த விசேஷம் வரும்வரை அவர்களுக்குத் தைக்க ஒன்றும் இருக்காது. முதல் துணிக்கும் இரண்டாம் துணிக்கும் நடுவே ஒன்றிரண்டு மாதம் சாதாரணமாக ஓடிவிடும். அந்த இடைவெளியை "நம் தையல் பிடிக்கவில்லை" என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்தக் காட்டன் ஜாக்கெட்டுக்குத்தான் முழு உழைப்பையும் போட வேண்டும். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். பிறகு பிரித்துப் பெரிதாக்க வசதியாகப் பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். பட்டு வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது மாதக் கணக்கு. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. பல வருடம் தைத்தவர்களுக்கே வேலை குறையும். ஆடியில் தொடங்கிவிட்டுக் கூட்டம் இல்லையே என்று கலங்கினால் எப்படி? ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புடவைகளுக்கெல்லாம் ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் தைத்தாக வேண்டும். கிறிஸ்தவர்கள் அதிகம் இருக்கும் ஊரில் மார்கழியின் முதல் பாதி கிறிஸ்துமஸ் வேலையில் போய்விடும். உங்கள் தெருவின் காலண்டர் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது பழைய டெய்லர்கள் "இனி துணி வாங்கமாட்டோம்" என்று சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து திரும்புகிறவர்கள்தான் உங்களிடம் வருவார்கள். அப்போது ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, பண்டிகைக்கு முந்தின ராத்திரி கைவிரித்தால், கிடைத்த நல்ல வாய்ப்பே கெட்ட பெயராகிவிடும். முடிந்த அளவுக்கு வாங்கி, சொன்ன தேதியில் கொடுங்கள்.

சும்மா இருக்கும் நாட்களில் கூலியைக் குறைக்கத் தோன்றும். வேண்டாம். கூலி குறைவு என்று வந்தவர் இன்னும் குறைவான இடம் கிடைத்தால் போய்விடுவார், பழைய கூலிக்குத் திரும்பவும் முடியாது. அதற்குப் பதில் சின்ன வேலைகளை முகம் சுளிக்காமல் வாங்குங்கள். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, பழைய ஜாக்கெட்டைப் பிரித்துவிடுவது, பாவாடைக்கு நாடாப்பட்டி போடுவது. "இதெல்லாம் ஒரு வேலையா" என்று நினைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஃபால்ஸுக்கு வரும் புதுப் புடவையின் ஓரத்தில் ஜாக்கெட் துணியும் சேர்ந்தே இருக்கிறது. "இதை வெட்டித் தைத்துத் தரட்டுமா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஆரம்பத்திலேயே தெளிவாக இருங்கள். "சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் தைச்சுக் கொடேன்" என்று பை பையாக வரும். ஒருமுறை இனாமாகத் தைத்தால் மறுமுறை காசு கேட்க நாக்கு எழாது. பணம் வராத உழைப்புதான் மனதை வேகமாகச் சோர வைக்கும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தையுங்கள், மற்றவர்களிடம் கூலியைச் சொல்லிவிட்டுத் துணியை வாங்குங்கள்.

வருமானம் நிலைப்பதற்கு முன்பே ஓவர்லாக் (துணி ஓரத்தில் நூல் பிரியாமல் தைப்பது), பீகோ (புடவை ஓரம் அடிப்பது) மெஷின் என்று எல்லாவற்றையும் தவணையில் வாங்குவதும் வேண்டாத சுமை. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டுதான். ஆனால் புரட்டாசியில் வேலை இல்லை என்று தவணை நிற்காது. ஓவர்லாக்கை முதலில் வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம். வெளியே கொடுக்கும் காசும் அலைச்சலும் தவணையைவிட அதிகமாகும்போது வாங்கினால் போதும். தையல் காசைத் தனி டப்பாவில் வையுங்கள். பால் பாக்கிக்கும் காய்கறிக்கும் அதிலிருந்து எடுத்தால் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. தீபாவளிப் பணத்தில் ஒரு பங்கை மார்கழிக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

வேலை இல்லாத நாளிலும் மெஷின் முன்னால் உட்காரும் நேரம் மாறக்கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு வந்தவர் கதவு பூட்டியிருப்பதை இரண்டு முறை பார்த்தால் மூன்றாம் முறை வரமாட்டார். அந்த நேரத்தில் உங்களுக்கே ஒரு நல்ல ஜாக்கெட் தைத்து, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு போங்கள். "எங்கே தைச்சது?" என்று கேட்பார்கள்.

அன்றன்றைய வசூலை மட்டும் எழுதி வைக்காதீர்கள். ஒரு நோட்டில் பெயர், அளவு, வாங்கிய தேதி, கொடுத்த தேதி எழுதி, துணியின் சின்ன வெட்டுத் துண்டையும் பக்கத்தில் குத்தி வையுங்கள். நாலு மாதம் கழித்து அதைப் புரட்டி, இரண்டாம் முறை வந்தவர்கள் யார் என்று பாருங்கள். பாதிப் பேராவது திரும்பி வந்திருந்தால் தொழில் சரியாகத்தான் போகிறது, காசு கொஞ்சம் தாமதமாக வரும். ஒரு தீபாவளியும் ஒரு முகூர்த்த மாதமும் போனபிறகும் யாருமே திரும்பவில்லை என்றால் மாதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நோட்டில் இருக்கும் இரண்டு பேரை நேரில் பார்த்து, "ஜாக்கெட் எங்கே பிடிக்குது, எங்கே தொளதொளன்னு இருக்கு, சொல்லுங்க, பிரிச்சுத் தைச்சுத் தரேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் கைக்குழியிலோ, டாட்டிலோதான் (மார்புப் பக்கம் பிடிக்கும் மடிப்புத் தையல்) சிக்கல் இருக்கும்.