எக்கோ தரை காட்டவில்லையா? பெட்டியைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

ஒலியை அனுப்பிக் கடல் தரையின் ஆழத்தைத் திரையில் காட்டுகிற எக்கோ சவுண்டர் மக்கர் செய்தால் உடனே திரை உள்ள பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் ஒருமுறை கொண்டுபோனேன். ஒரு வாரம் பெட்டி இல்லாமலே தொழிலுக்குப் போனதில் பாரில், அதாவது கடலடிப் பாறையில், வலை மாட்டி, பாதி வலை கிழிந்து வந்தது. கடைசியில் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, படகுக்கு அடியில் ஒலியை அனுப்பி வாங்குகிற டிரான்ஸ்டூசரின் முகத்தில் கொட்டலசு (ஒட்டிக்கொள்கிற சிறு ஓட்டுயிர்) பிடித்திருந்தது, சுரண்டியதும் தரை பளிச்சென்று வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், கரண்ட் வரும் வழியையும் தண்ணீருக்குள் இருக்கிறதையும் முதலில் பாருங்கள், பெட்டியைக் கடைசியாகத் தொடுங்கள். ஒரு மல்டிமீட்டர், பழைய டூத்பிரஷ், பாகம் பாகமாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) முடிச்சுப் போட்ட கயிற்றில் ஓர் ஈயக்குண்டு, இந்த மூன்றும் போதும்.

டிரான்ஸ்டூசருக்குள் ஒரு பீசோ செராமிக் வில்லை இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலியை அனுப்பும், திரும்பி வரும் ஒலி பட்டால் அதையே கரண்டாக மாற்றிப் பெட்டிக்குக் கொடுக்கும். கடல் தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகிறது, அதாவது 10 பாகம் ஆழத்தில் தரைக்குப் போய்த் திரும்பி வர ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம்தான். ஆனால் இந்த ஒலிக்குக் காற்று ஆகாது. வில்லைக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் நுரையோ காற்றுக் குமிழோ வந்தால் போதும், பாதிக் கோளாறு அதில்தான் ஆரம்பிக்கிறது.

சரி, முதலில் பவர். பெட்டி ஆன் ஆகவே இல்லை, அல்லது ஆன் ஆகி நடுக்கடலில் தானாக அணைந்து எரிகிறது என்றால் பேட்டரியை அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கிற 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற எஞ்சின் வைத்திருப்பவர்கள் பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் ஏற்றுகிறோம், ராத்திரி முழுக்க லைட்டும் எக்கோவும் ஜிபிஎஸ்ஸும் அதிலேயே ஓடினால் விடியும்போது என்ன மிச்சம் இருக்கும்? செல்ஃப் ஸ்டார்ட் எஞ்சினில் வேறு கதை. சாவியைத் திருப்புகிற அந்த நேரத்தில் வோல்ட் சட்டென்று இறங்கும், அப்போது பெட்டி அணைந்து எரிந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு எக்கோவைப் போடுங்கள், முடிந்தால் தனிப் பேட்டரி வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் சரிவரவில்லை என்றால் வயர். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும். எக்கோவை ஆன் செய்து வைத்தே பேட்டரி முனையில் ஒரு முறையும், பெட்டிக்குப் பக்கத்தில் வயர் முடிகிற இடத்தில் ஒரு முறையும் அளங்கள், இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ கரண்ட் செத்துப்போகிறது. அநேகமாக அது நாம் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில்தான் இருக்கும். அந்த டேப்பை உரித்துப் பாருங்கள். பசை பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும், ரப்பர் உறையை இன்னும் கொஞ்சம் சீவினால் உள்ளே போகப்போகக் கறுப்பு. உப்புத் தண்ணீர் வயருக்குள்ளேயே திரிபோல ஏறிவிடும். செம்பு பளபளவென்று தெரிகிற இடம் வரை வெட்டித் தள்ளிவிட்டு, லக் (வயர் முனையில் மாட்டுகிற உலோகக் கொண்டி) வைத்து அழுத்தி, மேலே சூடுகாட்டினால் சுருங்குகிற ட்யூப் போடுங்கள். ஃபியூஸையும் கழற்றிப் பார்க்க வேண்டும், உள்ளே கம்பி அறுந்திருக்காவிட்டாலும் இரண்டு முனையும் பச்சை பூத்து கரண்ட் போகாமல் நிற்கலாம்.

பெட்டி நன்றாக எரிகிறது, தரை மட்டும் வரவில்லை என்றால் டிரான்ஸ்டூசருக்கு வாருங்கள். கரையில் வைத்தே ஒரு சோதனை செய்யலாம். எக்கோவை ஆன் செய்து டிரான்ஸ்டூசரைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தால் பெரும்பாலானவற்றில் டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் கேட்கும். சில நொடி போதும், வெளியில் வைத்து வெகுநேரம் ஓட்டாதீர்கள், குறிப்பாகப் பெரிய பவர் உள்ளவை சூடேறிக் கெடும். சத்தமே இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி உள்ளே ஊசிகளைப் பாருங்கள், வளைந்தோ களிம்பு பிடித்தோ இருக்கலாம், டூத்பிரஷும் கான்டாக்ட் கிளீனரும் போதும். அப்புறமும் வரவில்லையென்றால் அதே மாடல் வைத்திருக்கிற பக்கத்துப் படகு அண்ணனிடம் டிரான்ஸ்டூசரை வாங்கி மாட்டிப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலை மாட்டாதீர்கள். ஒன்று மறந்துவிட்டேன், படகு மணலில் ஏறி நிற்கும்போதே திரையில் மீன் மீனாக ஓடினால் அது டெமோவில், அதாவது கடையில் காட்டுவதற்கான மாதிரிப் படத்தில், இருக்கிறது, மெனுவில் போய் அணைத்துவிடுங்கள்.

டிரான்ஸ்டூசரின் முகத்தைச் சுத்தம் செய்யும்போது பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கை அரித்துவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கொட்டலசைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், கத்தி வைக்காதீர்கள்.

நிற்கும்போது தரை வருகிறது, ஓட ஆரம்பித்தால் போய்விடுகிறது என்பது அநேகமாக எல்லோரும் சொல்கிற குறை. இது நுரை. படகு ஓடும்போது அடிப்பலகை ஓரம் வழியாகக் காற்று இழுபட்டு டிரான்ஸ்டூசரின் முகத்துக்குக் கீழே ஓடுகிறது. பின்பக்கத்தில் மாட்டியிருந்தால் அதன் முகம் படகின் அடிமட்டத்துக்கு ஒரு மூன்று மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும், புரொப்பல்லரை விட்டுத் தள்ளி இருக்கட்டும், முன்னால் வரியோ ஆணியோ துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. பின்னால் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுற்றுகிற எஞ்சின் என்றால் வலப்பக்கம் நல்லது. கரையில் இழுத்து ஏற்றுகிற படகில் பின்னால் நிரந்தரமாக மாட்டினால் உடைந்துதான் போகும், அதற்கு ஒரு குழாயில் கட்டி, போன இடத்தில் பக்கவாட்டில் இறக்கிக்கொள்வதே மேல். சிலர் அடிப்பலகைக்கு உள்ளேயே எபாக்ஸி போட்டு ஒட்டுகிறார்கள். கெட்டி ஃபைபரில் அது வேலை செய்யும், நடுவில் மரமோ ஃபோமோ இருந்தால் செய்யாது. ஒட்டுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் டிரான்ஸ்டூசரை வைத்து, ஈரம் செய்த அடிப்பலகைமேல் அழுத்திப் பாருங்கள், தரை வந்தால் அந்த இடம் சரி. எபாக்ஸிக்குள் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது.

திரை முழுக்கக் கோடும் புள்ளியுமாக வந்தால் எஞ்சினை அணையுங்கள். கோடு போய்விட்டால் எஞ்சினின் இக்னிஷன் இரைச்சல்தான், எக்கோ வயரை எஞ்சின் வயரிலிருந்து பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள். போகவில்லை, பக்கத்துப் படகு விலகினால் மட்டும் போகிறது என்றால் இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் அடிக்கிறீர்கள், ஒருவர் 50 கிலோஹெர்ட்ஸுக்கும் ஒருவர் 200 கிலோஹெர்ட்ஸுக்கும் மாறிக்கொள்ளலாம். நம் கரைப்பக்க ஆழத்துக்கு 200 போதும், இன்னும் தெளிவாகவே காட்டும், ஆழ்கடலுக்குத்தான் 50 வேண்டும்.

ஆழம் தப்பாகக் காட்டுவதுதான் ஆபத்து. மன்னார் வளைகுடாவில் கெட்டிப் பார் மேல் ஆழம் குறைவாக இருக்கும்போது, ஒலி தரையில் பட்டு, மேலே வந்து, படகில் பட்டு மறுபடி கீழே போய் இன்னொரு தடவை திரும்பும், பெட்டி அந்த இரண்டாவது ஒலியைத் தரை என்று நினைத்து 4 பாகத்தை 8 பாகமாகக் காட்டிவிடும். கெயினை, அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெட்டி பெருக்குகிற அளவை, குறைத்து, ரேஞ்சை (திரை காட்டுகிற ஆழ எல்லையை) ஆட்டோவில் விடாமல் கையால் வையுங்கள். பாக் நீரிணைப் பக்கம் நேர்மாறு, சேறு ஒலியை விழுங்கிவிடுவதால் தரைக்கோடு மெலிசாக வரும், அங்கே கெயினைக் கூட்ட வேண்டும். எப்போது சந்தேகம் வந்தாலும் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைப் போடுங்கள். குண்டின் அடியில் கொஞ்சம் கிரீஸைத் தடவி இறக்கினால் ஆழமும் தெரியும், ஒட்டி வருவது மணலா சேறா சிப்பித் துண்டா என்றும் தெரியும், ஒன்றும் ஒட்டாமல் கிரீஸ் நசுங்கி மட்டும் வந்தால் கீழே கல். எந்தப் பெட்டி வைத்திருந்தாலும் நான் இதை விடுவதில்லை.

மீன் படம் போட்டுக் காட்டுகிற அந்த வசதியை அணைத்துவிடுங்கள், அது குமிழியையும் குப்பையையும்கூட மீனாக்கிவிடும். படகு நின்றுகொண்டிருந்தால் அடியில் நிற்கிற மீன் வில் மாதிரி வராது, நீளக் கோடாகத்தான் வரும், அதுவும் கோளாறு இல்லை. நடுத்தண்ணீரில் மங்கலாகப் பட்டையாக ஓடினால் அது சூடும் குளிரும் சந்திக்கிற இடமாக இருக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் சரியாகவில்லை, டிரான்ஸ்டூசரின் முகம் விரிசல் விட்டிருக்கிறது, கேபிள் நடுவில் நசுங்கியிருக்கிறது என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். கேபிளை நீங்களே வெட்டி ஒட்டாதீர்கள். போகும்போது பெட்டியோடு டிரான்ஸ்டூசரையும் கொண்டுபோங்கள், கோளாறு வருகிற நேரத்தில் திரையைப் போனில் வீடியோ எடுத்து, எத்தனை பாகத்தில் எடுத்தது, எஞ்சின் ஓடியதா நின்றதா என்று வாயால் சொல்லியே பதிவு செய்துவிடுங்கள். கடையில் வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோளாறு வராது.