வளைந்த சாலையை அளக்க நூல் வேண்டாம், காகிதக் கீற்று போதும்

1:50,000 நிலவரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. சாலை நீளம் அளக்க மாணவர்கள் நூலைத்தான் எடுப்பார்கள். அது இழுபடும், வளைவில் நழுவும். காகிதக் கீற்றின் விளிம்பைச் சாலையோரம் வைத்து, முதல் திருப்பத்தில் குறியிடுங்கள். அங்கே பென்சில் முனையை ஊன்றி, கீற்றைச் சாலையின் அடுத்த துண்டுக்குத் திருப்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் துண்டுகள் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். நீட்டினால் வளைவு வெட்டுப்பட்டுத் தூரம் குறையும்.

பிறகு கீற்றைப் படத்தின் அடியிலுள்ள கோட்டு அளவையில் (தரைத் தூரத்தைக் கி.மீ. பிரிவுகளாகக் காட்டும் கோட்டில்) வைத்துப் படியுங்கள்: முழு கி.மீ. பூஜ்ஜியத்துக்கு வலப்பக்கம், மிச்சம் இடப்பக்கம். ஸ்கேலால் அளந்து கணக்குப் போடுவது ஜெராக்ஸ் பிரதியில் காலை வாரிவிடும். ஏ3 படத்தை ஏ4 ஆகச் சுருக்கினால் 7 கி.மீ. சாலை 5 கி.மீ. ஆகிவிடும், கோட்டு அளவையோ படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.